தரணேந்திரன் சாரும் ஏழரை மணி விருந்தும்

தரணேந்திரன் சாரை டென்மார்க்குக்கு அனுப்புவது என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். சென்னையில் இருக்கிற செயலகம்தான் முடிவு செய்யாமல் இழுத்துக்கொண்டிருந்தது. எண்பத்துநாலாம் வருஷம் அது. செஞ்சி பஜாரை ஒட்டி எங்கள் கடலை விதைத் திட்ட அலுவலகம். சார் அதற்குத் தலைமை அதிகாரி. நான் ஜாஹிதா பேகம், அவருடைய ஸ்டெனோ. பெயருக்குத்தான் ஸ்டெனோ. அவர் எந்த ஊருக்கு எந்த வண்டியில் போய் எங்கே தங்குவது என்பதெல்லாம் என் கையில். என் ஏற்பாட்டில் சார் ஒரு தடவைகூட பஸ் ஸ்டாண்டில் முழித்துக்கொண்டு நின்றது கிடையாது. பெருமைதான், சொல்லிக்கொள்ளக்கூடாதா என்ன?

டென்மார்க்குக்காரர்கள் விதை சுத்தம் செய்கிற இயந்திரம் ஒன்றை நம் அரசாங்கத்துக்குச் சும்மாவே தருவதாக இருந்தது. ஜூன் கடைசியில் ஓர் அதிகாரி நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். யார் போகிறாரோ அவர் கைகாட்டுகிற ஊருக்குத்தான் இயந்திரம். சார் போனால் அது செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துக்கு வரும். வல்லத்துக் குடியானவர்கள் மூன்று போகமாகக் கலப்பட விதையை வாங்கிப் போட்டு, முளைக்காத கொல்லையைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தார்கள். வேறு யாராவது போனால் அது வேறு எங்காவது போய்விடும். விஷயம் அவ்வளவுதான்.

சார் மேல்சித்தாமூர்க்காரர், நைனார் குடும்பம். சமண நேமப்படி பொழுது சாய்ந்தபின் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. எங்கள் ஊரில் ராஜகிரி மலை மேற்கே நிற்கிறது. வெயில் அதன் பின்னால் போனதுமே சாருக்கு அன்றைய சாப்பாடு முடிந்தது. எனக்கு ரம்ஜான் மாதத்தில் அதற்கு நேர்மாறு. மலை மறைத்தால் போதாது, பள்ளிவாசலில் பாங்கு சொன்னால்தான் வாயில் தண்ணீர். அந்த மாதம் முழுக்க சார் தன் டிபன் கேரியரைப் பின்னறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். நோன்பு இருக்கிறவள் முன்னால் சாப்பிடக்கூடாதாம். "சார், உங்க தயிர்சோத்தப் பாத்து எனக்கு நாக்கு ஊறப் போவுதா?" என்று கேட்டும் பார்த்தேன். கேட்கிற ஆள் இல்லை.

அந்த வருஷமும் ரம்ஜான் ஜூன் மாதத்தில்தான் வந்தது. நோன்பு ஆரம்பித்த வாரத்தில் சென்னையிலிருந்து போன். பயணக் கோப்பைப் பார்க்கிற அதிகாரி எடுத்த எடுப்பிலேயே எரிந்து விழுந்தார்.

"ஏம்மா, கோப்புல இதென்ன சீட்டு? 'அதிகாரி மாலை ஐந்தரை மணிக்குள் உண்பார், அதன்பின் எதுவும் கொண்டுவர வேண்டாம்'னு?"

சீட்டு என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. சார் டூர் போனால், பயணியர் மாளிகைச் சமையல்காரர்களுக்கு முன்கூட்டியே போகிற சீட்டு அது. எங்கள் தலைமை எழுத்தர் கோதண்டராமன் அதில் ஒரு கட்டு அச்சடித்து வைத்திருப்பார். டூர் என்ற வார்த்தையைப் பார்த்தாலே ஒன்றை எடுத்துக் கோப்பில் குத்துவது அவருக்குக் கைப்பழக்கம். டென்மார்க் டூருக்கும் குத்திவிட்டார்!

"விருந்து ராத்திரி ஏழரைக்கு. அந்த ஊர் அமைச்சர் வர்றார், விருந்துலதான் கையெழுத்து. எல்லாரும் சாப்பிடும்போது உங்க சார் வெறும் தட்டைப் பாத்துட்டு உக்காந்திருப்பாரா? நமக்குத்தான் அவமானம். வேற ஆளை அனுப்பிக்கிறோம். நாளைக்குச் சாயங்காலம் பேர் முடிவாயிடும்."

அந்த வேறு ஆள் யாரென்று எனக்குத் தெரியும். வேர்க்கடலை கிளையில் காய்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஆள். போனை வைத்துவிட்டுக் கோதண்டராமன் மேசைக்குப் போனேன்.

"டென்மார்க்குல இன்னா, நம்ம பயணியர் மாளிகை வீராசாமியா சமைக்கிறான், உங்க சீட்டைப் பாத்து அஞ்சரைக்கு இலை போட?"

"வழக்கமா வெக்கிறதுதானேம்மா..." என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"வுட்டுடும்மா. அங்கல்லாம் நாலு மணிக்கே இருட்டிடுமாம். போன தை மாசம் அந்தப் பக்கம் போயிட்டு வந்தவர் சொன்னாரு. நான் போனாலும் பட்டினிதான்."

"ஒரே ஒரு ராத்திரி சார். வல்லத்துக்காக. ரெண்டு வாய் பழச்சாறு குடிச்சா இன்னா?"

"நீ வல்லத்துக்காக ஒரே ஒரு நாள் நாலு மணிக்கு நோன்பு தொறப்பியா?"

எனக்கு அழுகைதான் வந்தது. அழுதால் கோதண்டராமன் பார்ப்பாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

வீட்டில் என் அண்ணன் உமர் பாரூக். சரக்குக் கப்பலில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். சாருடைய டென்மார்க் பயணத்தைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். கஞ்சிக் குண்டானைச் சுற்றி உட்கார்ந்து பாங்குக்குக் காத்திருந்தோம். எனக்கு இருந்த கடுப்பில் கரண்டியை நங்கென்று வைத்தேன்.

"மலைக்குப் பின்னால போயி எவ்ளோ நேரம் ஆவுது! இன்னும் பாங்கு சொல்லக் காணோம்."

அண்ணன் சிரித்தார். "இதுக்கே இந்தக் குதி குதிக்கிறியே. போன ரம்ஜானுக்கு எங்க கப்பலு உங்க சார் போற ஊருலதான் நின்னுது. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெயிலு! பசில எங்களுக்கு உசிரே போயிடுச்சு."

"நாலு மணிக்கே இருட்டிடும்னாங்களே?"

"அது குளிருகாலத்துல. இப்ப போனா பொழுதே போவாது, போ."

பாங்கு சொன்னார்கள். நான் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "சத்தியமாவா அண்ணே?" என்றேன்.

"நோன்பு வாயோட பொய் சொல்லுவனா? முதல்ல தின்னு புள்ள."

அன்றைக்குக் குடித்த கஞ்சி மாதிரி ருசியாக நான் எதையும் குடித்ததில்லை.

மறுநாள் காலையில் சார் அறைக்குள் காலை வைக்கும்போதே ஆரம்பித்தேன். "சார், உங்க நேமம் அஞ்சரை மணியா, பொழுதா?"

"பொழுதுதான்."

"அங்க ஜூன் மாசத்துல பொழுது சாய ராத்திரி பத்து ஆவுதாம். ஏழரைக்கு நல்ல வெயிலு. எங்க அண்ணன் அங்கயே நோன்பு புடிச்சு அவஸ்தப்பட்டவரு."

சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, ஆமாம்மா! பூகோளத்துல படிச்சதுதான். சாப்பாட்டோட சேத்து யோசிக்கவே இல்ல பாரு." சிரிக்கவும் செய்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்ப்பதே அபூர்வம்.

சென்னைக்கு டிரங்க் கால் கிடைக்க மத்தியானம் ஆகிவிட்டது. "ஏழரைக்குச் சாப்பிடுவார் சார். எட்டரைன்னாலும் சாப்பிடுவார்," என்றேன். "விரதத்தை விட்டுட்டாரா?" என்றார் அந்த அதிகாரி. "சார் ஏன் விடணும்? அங்க சூரியன் விட்டுக்குடுக்குது!" என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. விசாரித்துவிட்டுச் சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொன்னார். விசாரிக்கட்டுமே, எனக்கென்ன பயம்?

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. சார் வழக்கம்போலப் பின்னறைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. போன் மட்டும் அடிக்கவில்லை. தைரியமெல்லாம் வாயோடு சரி, ரிசீவரை எடுத்து எடுத்து லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சார் கோதண்டராமனை பஜாருக்கு அனுப்பிப் பேரீச்சம்பழம் வாங்கிவரச் சொல்லி, தானே ஒரு டம்ளர் தண்ணீரோடு என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. அதே நேரத்தில் போன் அலறியது. நான் எழுந்தேன்.

"உக்காரும்மா. நோன்பைத் தொற."

"சார், லைன் கட்டாயிடும்! எடுங்க சார்!"

அவரே எடுத்தார். "தரணேந்திரன்தான் பேசறேன்... ஸ்டெனோ நோன்பு தொறக்கறாங்க, எங்கிட்டயே சொல்லுங்க." நான் பழத்தை வாயில் போட்டேன். மெல்லாமல் காதைத் தீட்டிக்கொண்டேன். "ஏழரையா? சாப்பிடுவேன்... இல்ல இல்ல, நேமம் அப்படியேதான் இருக்குது... சரிங்க... சரி." போனை வைத்தார்.

"இன்னா சார் சொன்னாங்க?"

சார் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "தண்ணியக் குடி," என்றார். குடித்தேன். அதற்கப்புறம்தான் சொன்னார்.

"போயிட்டு வரேம்மா."

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. கோதண்டராமன் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.