நேஸ் பண்ணையிலிருந்து ஓர் ஆட்டுத்தொடை

மூன்றாவது குட்டி பால் குடிக்க மறுத்தது. மோன்ஸ் அதை மடியில் கிடத்தி, தாடையை விரலால் விலக்கி, புட்டியின் காம்பை உள்ளே திணித்தார். தாய் ஆடு மற்ற இரண்டை நக்கிச் சேர்த்துக்கொண்டு இதை மட்டும் முட்டித் தள்ளிவிட்டது. மே மாதம் பிறந்துவிட்டாலும் ஃபியோர்டுக் கடற்கழியின் மறுகரை மலைகளில் பனி இன்னும் உருகவில்லை. கொட்டிலில் விட்டால் விறைத்துப்போகும் என்று, ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, அடுப்போரம் வைத்திருந்தார்கள். நார்வேயின் இந்தக் கரையில் வசந்த காலத்தில் எந்தச் சமையலறைக்குப் போனாலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும்.

ஜன்னலோரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மோன்ஸின் மனைவி யோரூன், "உன் கூட்டாளி வர்றான்" என்றாள். "கையில காகிதம் வேற. போச்சு, இன்னைக்கு மதியச் சாப்பாடு மூணு மணிக்குத்தான்."

தோர்லைவ் கதவைத் தட்டாமல் வந்தார். பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டு, காலுறையோடு நடந்து வந்து தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். இடது காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது.

"குட்டி எப்படி இருக்கு?"

"உன்ன மாதிரிதான். வாயத் திறக்கச் சொன்னா மூடுது. மூடச் சொன்னா திறக்குது" என்றார் மோன்ஸ்.

தோர்லைவ் சிரித்தார். மூச்சு வாங்கியதால் சிரிப்பு பாதியில் நின்றது. போன இலையுதிர் காலத்தில் நெஞ்சைப் பிளந்து அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். தன் நேஸ் பண்ணையிலிருந்து இந்த ஹௌகே பண்ணைக்கு வர முன்பெல்லாம் பத்து நிமிடம் நடப்பார். இப்போது காரில் வருகிறார்.

மேசைமேல் இரண்டு தாள்களை விரித்து, மூலைகள் சுருளாமல் இருக்கச் சர்க்கரைக் கிண்ணத்தை ஒரு பக்கம் வைத்தார். ஊர்ப் புத்தகத்தின் நான்காம் தொகுதிக்கான அச்சுப் படி. இந்த வட்டாரத்துப் பண்ணைகள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. யார் யாருக்குப் பிறந்தார், யாரை மணந்தார், எப்போது இறந்தார், அல்லது எங்கே போனார் என்பதெல்லாம் அதில் வரும். இங்வில்ட் என்ற இளம்பெண் மூன்று வருடமாக நகராட்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து அதைத் தொகுத்துவந்தாள். அச்சுக்குப் போகுமுன் பக்கங்கள் அந்தந்த வீட்டுக்கே வரும். வீட்டார் படித்துத் திருத்த வேண்டும். பிறகு, இதில் உள்ளது சரி என்று அண்டைப் பண்ணைக்காரர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். குழுவின் விதி அது. தன் வீட்டைப் பற்றி யாரும் உண்மை எழுத மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டால்தான் வரும் என்று குழுவில் யாரோ சொன்னதாகப் பேச்சு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பிக் குடுக்கணுமாம். கீழே கோடு போட்டிருக்கு பாரு, அங்க போடு" என்றார் தோர்லைவ்.

"படிக்காமலேயேவா?"

"படி, படி. நீ படிக்கிறதுக்குள்ள குட்டி கிழடாயிடும்."

மோன்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நேஸ் பண்ணை. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பெயர்கள் வரிசையாக இறங்கின. எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மேலிருந்தே படித்துவந்தார்.

ஷூர் ஆன்டர்ஸன் நேஸ், பிறப்பு 1862. மனைவி கூரி. ஒரு மகன், ஆன்டர்ஸ், பிறப்பு 1889. ஷூர் 1892இல் அமெரிக்கா சென்றார். 1895க்குப் பிறகு தகவல் இல்லை. 1903இல் இறந்தவராக அறிவிக்கப்பட்டார். கூரி 1904இல் பண்ணையாள் ஓலாவை மறுமணம் செய்தார்.

ஷூர் தோர்லைவின் கொள்ளுத்தாத்தா. முப்பது வருடமாகத் தோர்லைவ் அவரைத் தேடுகிறார். கப்பல் பட்டியல்கள், தேவாலயப் பதிவேடுகள், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குகள், கல்லறைத் தோட்டங்கள். இரண்டு முறை நேரிலேயே போய்வந்தார். எண்பத்தாறில் ஒரு முறை, இரண்டாயிரத்து நாலில் ஒரு முறை. திரும்பி வந்து இதே மேசையில் புகைப்படங்களைப் பரப்புவார். பெயர் அழிந்த சிலுவைகள், கோதுமை வயல்கள், நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு கைகுலுக்கும் தடித்த மனிதர்கள். எதிலும் ஷூர் இல்லை.

இல்லை என்பதற்குத் தோர்லைவிடம் ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. ஷூர் ஊர் திரும்பும் வழியில் இறந்திருக்க வேண்டும். ஷூரின் மகன், அதாவது தோர்லைவின் தாத்தா ஆன்டர்ஸுக்குப் பிறவியிலேயே இடுப்பெலும்பு விலகியிருந்தது. நொண்டித்தான் நடப்பார். சிறுவயதில் அவர் தோளில் ஏறித் திரிந்த தோர்லைவுக்கு அந்த நடையின் ஆட்டம் இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது. நடக்க முடியாத பிள்ளையை விட்டுவிட்டு ஒரு மனிதன் சும்மா இருந்துவிடுவானா? பனிப்புயலிலோ ஏரியிலோ செத்திருக்க வேண்டும். சட்டைப்பையில் கப்பல் சீட்டு இருந்திருக்க வேண்டும். அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லும்போது, கண்ணால் பார்த்தவர் போலச் சொல்வார்.

"செப்டம்பருக்கு டிக்கெட் போட்டுட்டேன்" என்றார் இப்போது.

யோரூன் கத்தியை நிறுத்தினாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"போகாதேன்னாரு. அவருக்கென்ன, அவரு கொள்ளுத்தாத்தா பத்திரமா தேவாலயத்துக்குப் பின்னாடி படுத்திருக்காரு."

யோரூன் மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.

"டகோட்டாவுல இன்னும் ரெண்டு வட்டாரம் பாக்கி. இதுதான் கடைசி. கெடைச்சா கெடைக்கட்டும், இல்லேன்னா விட்டுடறேன்." பிறகு எழுந்தார். "உன் ஆடு எப்படியிருக்குன்னு பாத்துட்டு வரேன். குட்டிய முட்டுற ஆட்டுக்குப் பெரும்பாலும் மடி கட்டியிருக்கும். நீ அதயெல்லாம் எங்க பாக்கப்போற."

அவர் கொட்டிலை நோக்கிப் போவதை இருவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். நடுவில் ஒரு முறை நின்று வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்றாள் யோரூன்.

"பேனா தேடுறேன்."

"பேனா உன் சட்டைப் பையில இருக்கு."

மோன்ஸ் குட்டியைப் பெட்டியில் விட்டார். எண்பத்திரண்டில் அவருடைய அப்பா பண்ணையை அவர் பெயருக்கு மாற்றியபோது, சாவிகளோடு ஒரு புகையிலை டப்பாவையும் கொடுத்தார். உள்ளே ஒரு கடிதம். மோன்ஸின் கொள்ளுத்தாத்தா பொத்தோல்வுக்கு, அமெரிக்கா போயிருந்த அவர் தம்பி லார்ஸ் 1902இல் எழுதியது. அறுவடையைப் பற்றியும் பல்வலியைப் பற்றியும் எழுதிவிட்டு, கடைசியில் லார்ஸ் சொல்கிறார்: நேஸ் பண்ணை ஷூர் இங்கே டகோட்டாவில்தான் இருக்கிறான். பெயரை மாற்றிக்கொண்டான். சாமுவேல் பெர்க் என்றால்தான் தெரியும். ஒரு ஸ்வீடன்காரியோடு வாழ்கிறான், மூன்று குழந்தைகள். என்னைப் பார்த்ததாக எழுத வேண்டாம் என்றான். கிளம்பும்போது மட்டும், பையனின் கால் நேராகிவிட்டதா என்று கேட்டான்.

அடுத்த வருடம் பிரார்த்தனை முடிந்தபின், தேவாலயச் சரிவில் ஊர் அதிகாரி மூன்று ஞாயிறு ஓர் அறிவிப்பை உரக்கப் படித்தார். ஷூர் உயிரோடிருப்பதாக அறிந்தவர் எவரேனும் இருந்தால் சொல்லலாம்; இல்லையேல் அவர் இறந்தவராகக் கொள்ளப்படுவார், மனைவி மறுமணம் செய்யலாம். மூன்று ஞாயிறும் பொத்தோல்வ் அந்தச் சரிவில் நின்றார். கடிதம் மேல்கோட்டின் உள்பையில் இருந்தது. மூன்றாம் ஞாயிறு கூட்டம் கலைந்ததும் கூரி நொண்டிப் பையனைக் கையில் பிடித்தபடி அவரிடம் வந்தாள். லார்ஸிடமிருந்து இந்த வருடம் கடிதம் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். சரி என்று சொல்லிப் போய்விட்டாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நேஸ் பண்ணையிலிருந்து உப்புக்கண்டம் போட்ட ஆட்டுத்தொடை ஒன்று வந்தது. அடுத்த வருடமும் வந்தது. கூரி இறந்த பிறகு ஆன்டர்ஸ் நொண்டிக்கொண்டே கொண்டுவந்தார். பிறகு அவர் மகன். இப்போது தோர்லைவ். ஏன் என்று நேஸ் பண்ணையில் யாருக்கும் தெரியாது. அம்மா கொடுத்தாள், அதனால் கொடுக்கிறோம்.

மோன்ஸ் அப்பாவிடம் யாருக்கும் காட்டுவதில்லை என்று சொல்லித்தான் டப்பாவை வாங்கினார். நான்கு வருடம் கழித்துத் தோர்லைவ் தேடத் தொடங்கியபோது சொல்லியிருக்கலாம். இரண்டாம் பயணத்துப் படங்களில் ஒன்று ஒரு பெட்ரோல் பங்க். தோர்லைவ் காகிதக் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார். அவர் தலைக்குப் பின்னால் ஊர்ப் பெயர்ப்பலகை. கடிதத்தின் மேல்மூலையில் இருக்கும் அதே பெயர். அன்று மோன்ஸ் படத்தை அடுத்த ஆளுக்கு நகர்த்துவது போல, ஆளில்லாத பக்கம் நகர்த்தினார். முதல் வருடமே சொல்லியிருந்தால் அது ஒரு செய்தி. பிறகு நாள் போகப் போக, சொல்வதே ஒரு குற்றமாகிவிடும் என்று தோன்றியது. சொல்லாமலே இருந்தார்.

"முப்பத்துநாலு தொடை" என்றாள் யோரூன். "வருஷத்துக்கு ஒண்ணு. தின்னுருக்கோம். ருசியா வேற இருக்கும்."

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். முப்பத்துநாலு வருஷமா சும்மாதான் இருக்கேன். செப்டம்பர்ல அவன் அங்க எங்கயாவது விழுந்தா, அப்பவும் இப்படியேதான் இருக்கணுமா?"

"சொன்னா அவன் மனசுல இருக்கிற ஷூர் போயிடுவாரு. அந்தக் கப்பல் சீட்டு போயிடும்."

"அவனோட ஷூர் போவாரா, உன்னோட கூட்டாளி போவானா?"

மோன்ஸ் மறுபடி தாளுக்குக் குனிந்தார். தாளின் அடியில் இன்னும் ஒரு பத்தி இருந்தது. வீட்டு வழக்கங்கள் என்று இங்வில்ட் தலைப்புக் கொடுத்திருந்தாள். கிறிஸ்துமஸ்தோறும் நேஸ் பண்ணையிலிருந்து ஹௌகே பண்ணைக்கு ஓர் ஆட்டுத்தொடை செல்கிறது. நூறாண்டுக்கு மேலான வழக்கம். காரணம் தெரியவில்லை.

தோர்லைவ் திரும்பி வந்து குழாயடியில் கை கழுவினார். "சொன்னேன்ல, இடது பக்கம் கல்லா இருக்கு. கறந்து விட்டுட்டேன்." உட்கார்ந்து தாளைப் பார்த்தார். கோடு வெறுமையாக இருந்தது. "இன்னும் படிக்கிறியா? உனக்குப் பள்ளிக்கூடத்துலயே மெதுவாத்தான் வரும்."

யோரூன் உள்ளே போய், துணியில் சுற்றியிருந்த போன கிறிஸ்துமஸ் தொடையைக் கொண்டுவந்தாள். கால்வாசிதான் மிச்சம். வெட்டுப்பலகை, கத்தி, மெல்லிய மொறுமொறு ரொட்டி எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள். உருளைக்கிழங்கு வேக நேரமாகும், அதுவரை இது என்றாள். பிறகு மோன்ஸைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோர்லைவ் எலும்பைப் பிடித்துக்கொண்டு மெல்லிசாகச் சீவினார். அவர் போட்ட உப்பு, அவர் காயவைத்த இறைச்சி. ஒரு துண்டை வாயிலிட்டு மென்றார். "நல்லாத்தான் பதம் வந்திருக்கு. இங்வில்ட் என்னப் போட்டுக் கொடஞ்சிட்டா. ஏன் குடுக்கறீங்க, ஏன் குடுக்கறீங்கன்னு. தெரியாதுன்னு எழுதிக்கோம்மான்னுட்டேன்." இன்னொரு துண்டு சீவினார். "உங்க வீட்டுல ஏதாவது பேச்சு உண்டாடா?"

முப்பது வருடத்தில் ஊரில் எல்லோரிடமும் கேள்வி கேட்டுக் குடைந்தவர் தோர்லைவ். இந்த மேசையில் அவர் ஷூரைப் பற்றி எதையும் கேட்டதில்லை. இங்கே சொல்ல மட்டும்தான் வருவார். மோன்ஸுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

அவர் எழுந்து அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். நூல்கண்டுகளுக்கும் பழைய மின்விளக்குகளுக்கும் அடியில் கை போய் வந்தது. டப்பாவைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இருக்கு. அமெரிக்காவுலேர்ந்து வந்த ஒரு கடுதாசி" என்றார்.

தோர்லைவ் மெல்லுவதை நிறுத்தினார். மூடியில் துருவேறிய கப்பல் படத்தைப் பார்த்தார். தொடையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவர் விரல் முதலில் அடியிலிருந்த கடைசி வரியில் இருந்தது. பிறகு மெதுவாக மேலேறி, 1895 என்ற எண்ணுக்கு வந்து நின்றது.

"எவ்வளவு நாளா?"

"எண்பத்திரண்டுலேர்ந்து."

"நான் மொத தடவ போறதுக்கு முன்னாடியே."

"ஆமா."

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. யோரூன் மூடியைச் சற்று விலக்கினாள்.

"சீட்டு இருந்துதா?" என்றார் தோர்லைவ்.

மோன்ஸ் தலையை அசைத்தார். இல்லை.

"செத்துட்டாரா, அப்ப?"

"இதுல உயிரோட இருக்காரு."

தோர்லைவ் கத்தியைப் பலகையில் வைத்தார். நேராக வைத்து, பிறகு இன்னும் கொஞ்சம் நேராக்கினார். 

"இத நான் படிச்சா," என்றார், "டிசம்பர்ல தொடை கொண்டுவரணுமா, வேணாமாடா?"

"எனக்குத் தெரியல."

பெட்டியில் குட்டி எழுந்து நிற்க முயன்றது. முன்கால் வழுக்கி அட்டையில் மோதியது. மறுபடி எழுந்தது.

தோர்லைவ் தன் கைகளைப் பார்த்தார். விரல்களில் கொழுப்பு மினுமினுத்தது. கால்சட்டையில் துடைத்தார். டப்பாவைத் தொட அது போதவில்லை. யோரூன் நீட்டிய துணியை வாங்கி, கட்டைவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரை துடைத்தார். ஒரு கை முடிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த கையைத் தொடங்கினார்.