ஒன்பதாம் கேள்வி

பதினான்காம் பக்கத்தில் தையல்காரி அழுதுகொண்டிருந்தாள். வழவழப்பான தாள், பளிச்சென்று கலர் படம். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண் சிவந்து, தலை கலைந்து உட்கார்ந்திருந்தாள். கீழே இப்படி அச்சடித்திருந்தது: 'குடிக்கு அடிமையான கணவரால் சீரழிந்த குடும்பம் இது. எங்கள் நாற்பது விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குப் பிறகு, இன்று அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை.' அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'பெயர் மாற்றப்பட்டுள்ளது.'

பெயரை மாற்றினார்கள், சரி. முகத்தை யார் மாற்றுவது?

ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லையாம்! எப்படித் தொடுவார்? முதல் கூட்டம் நடந்ததாகச் சொன்ன தேதிக்கு நாலு மாதம் முன்பே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். உயிரோடு இருந்தபோதும் அவர் குடித்தவரில்லை. இருமல் மருந்து ஒரு மூடி குடித்தால்கூடத் தலை சுற்றுகிறது என்று போர்த்திக்கொண்டு படுக்கிற ஆள். வேலை முடிந்து மழையில் திரும்பியவர், கால்வாயைக் கடக்கும்போது பலகை வழுக்கி விழுந்தார். மறுநாள் காலையில் அரை மைல் தள்ளி, மதகுக் கம்பியில் சிக்கிக் கிடந்தார். நடந்தது அவ்வளவுதான்.

அந்தக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நாற்பத்து மூன்று வீடுகள், தையல்காரியின் வீடு உட்பட. இந்தப் பக்கம் கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம். நடுவில் பழைய மின்கம்பங்கள் இரண்டைக் கிடத்தி, மேலே பலகை அடித்திருந்தார்கள். அதைத்தான் பாலம் என்று சொல்லிக்கொண்டார்கள். சுற்றிக்கொண்டு போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். யார் சுற்றுவார்கள்?

அந்த அறிக்கைப் புத்தகத்தை அச்சடித்தவர் அசலூர்க்காரர் இல்லை. தையல்காரியின் சொந்த அக்கா புருஷன். ஊரில் அவருக்குத் திட்டக்காரர் என்று பேர். மெயின் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, அந்த இரண்டு அறையைவிட நீளமாக ஒரு போர்டு. ஏழை பாழைகளின் குறையை எழுதிப் பெரிய அறக்கட்டளைகளுக்கு அனுப்பி, உதவி வாங்கித் தருவது அவர் தொழில். செத்தவரோ அவருக்குச் சகலை. துக்கம் கேட்க வந்த இடத்தில், "நிவாரணத்துக்கு எழுதிப் போடறேன், ஒரு போட்டோ வேணும்மா" என்று போனை நீட்டினார். அழுத கண்ணைத் துடைக்கக்கூட விடாமல் எடுத்தார். நிவாரணம் வரவில்லை. போட்டோ மட்டும் பதினான்காம் பக்கம் ஏறிவிட்டது.

மூன்று வருடம் இது அவளுக்குத் தெரியவே தெரியாது. பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகக் கொடுத்த பிரதி ஒன்றை மகள்தான் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிற பெண். வகுப்பில் யாரோ அந்தப் பக்கத்தை அவள் மேஜைமேல் விரித்து வைத்திருக்கிறார்கள்.

"அம்மா, அப்பா குடிப்பாரா?"

"என்னடி பேச்சு இது? உங்கப்பாவா?"

"புக்குல போட்டிருக்கே."

"புக்குல போட்டா ஆச்சா?"

மகள் புத்தகத்தையே பார்த்தாள். "எனக்கு அப்ப ஒம்பது வயசு. எனக்குத் தெரியாம குடிச்சிருக்கலாம்ல?"

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது தையல்காரிக்கு. புருஷனை வாரிக்கொடுத்த அன்றுகூட அவளுக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை. அன்று தண்ணீர் கொண்டுபோனது உடம்பை மட்டும்தான். மிச்சமிருந்த மனிதரை இந்தப் பாவி பெற்ற பெண்ணின் மனசிலிருந்தே பிடுங்கிப் போட்டுவிட்டானே! தையல் மெஷின் டிராயரைத் திறந்து ஆஸ்பத்திரிச் சான்றை எடுத்துக் காட்டினாள். வயிற்றில் மது இல்லை என்று அதில் எழுதியிருந்தது. மகள் படித்தாள், தலையாட்டினாள், மடித்துக் கொடுத்தாள். நம்பினாளா என்றால், இல்லை. கையெழுத்துப் புரியாத பழுப்புத் தாள் எங்கே, வழவழப்பான கலர் புத்தகம் எங்கே.

அப்படியா சேதி என்று பல்லைக் கடித்தாள் தையல்காரி. அச்சில் போனது அச்சில்தான் திரும்ப வேண்டும்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அவர் ஆபீஸ் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். இவள் அடுத்த திங்கட்கிழமை தலையை வாரி, நல்ல உடை உடுத்தி, படியேறிப் போனாள்.

"அத்தான், எனக்கும் புரொபோசல் எழுதக் கத்துக் குடுங்க. தையல்ல என்ன கிடைக்குது? காலைல ரெண்டு மணி நேரம் வந்து ஃபைல் அடுக்கறேன், பெருக்கறேன். சம்பளமே வேணாம்."

சம்பளமே வேணாம் என்ற வார்த்தை அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. "அட, கொழுந்தியாளுக்கு இல்லாததா?" என்று நாற்காலியைக் காட்டினார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் தொழிலில் கெட்டிக்காரர். தற்பெருமை வேறு, கேட்காததையும் சொல்லிக்கொடுத்தார். "அறுபது பேர்னு எழுதாதம்மா, அறுபத்தி ரெண்டுன்னு எழுது. உருண்டையா சொன்னா யாரும் நம்ப மாட்டான்." "குறையைச் சொல்லு, ஆனா தீராத குறையாச் சொல்லாத. தீராதுன்னா எவன் காசு குடுப்பான்?" "எந்த வருஷம் எதுக்குப் பணம் வருதுன்னு பாரு. மது ஒழிப்புக்கு வருதா, நம்மாளு குடிகாரன். கண்ணுக்கு வருதா, நம்மாளு குருடன்." இதைச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து ஊசி முறிகிற வேகத்தில் மெஷினை மிதித்தாள்.

அவள் எழுதிக் காட்டியதை எல்லாம் சிவப்புப் பேனாவால் கிழித்துத் தோரணம் கட்டினார். ஒரு நாள் தாளை அவள் பக்கம் தள்ளி, "இதுல கோபம் தெரியுது" என்றார். "புரொபோசல்ல கோபம் கூடாது. அளவு சொல்லு, தேதி சொல்லு, ஆதாரத்தை இணை. படிக்கிறவன் கோபப்படணும், நீ படக்கூடாது."

அந்த ஒரு பாடத்துக்காக அவருக்குக் கோயிலே கட்டலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் சொன்னார். எல்லா விண்ணப்பத்திலும் ஒன்பதாம் கேள்வி ஒன்று உண்டு: இந்த இடத்தில் இதற்கு முன் எந்த அமைப்பு வேலை செய்தது, பலன் என்ன? "அதுக்கு எப்பவும் 'இல்லை'ன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு. பழசைக் கிளறினா நாறும்."

எட்டாவது மாதம், சிறு குடியிருப்புகளில் சிறு கட்டுமானங்களுக்கு உதவி என்று ஒரு அறக்கட்டளை அறிவித்தது. அத்தானிடம் முதுகுவலி என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள். கால்வாயின் அகலத்தைத் துணி அளக்கிற டேப்பால் அளந்தாள். டேப் நுனியில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்தாள். இரண்டு நாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கரையில் உட்கார்ந்து, கடக்கிறவர்களைக் கோடு போட்டு எண்ணினாள்: முதல் நாள் முந்நூற்றுப் பதினொன்று, மறுநாள் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. கைக்குழந்தையோடு கடந்தவர்கள் பத்தொன்பது பேர். பாலம் கட்டத் தடையில்லை என்ற சான்றுக்காக நீர்வாரிய அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்தாள். அங்கிருந்த குமாஸ்தா ஒரு கல்லுளிமங்கன். கடைசியில் அவருடைய கால்சட்டைகள் நாலுக்குக் கால் மடித்துத் தைத்துக் கொடுத்தபிறகு சீல் குத்தினார்.

பிறகு ஒன்பதாம் கேள்விக்கு வந்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நாயே, பேயே என்றுதான் கை எழுதத் துடித்தது. அளவு, தேதி, ஆதாரம் என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதினாள்:

'ஒரு அமைப்பு இங்கே நாற்பது கூட்டங்கள் நடத்தியதாக அறிக்கை வெளியிட்டது. ஒரு மனிதரின் குடியை அவை நிறுத்தியதாக அறிக்கை சொல்கிறது. அந்த மனிதர் முதல் கூட்டத்துக்கு நூற்றிருபத்தாறு நாள் முன்பு, பாலம் இல்லாததால் இந்தக் கால்வாயில் விழுந்து இறந்தார். அவர் வயிற்றில் மது இல்லை. மருத்துவமனைச் சான்று, இணைப்பு நான்கு. இறப்புச் சான்று, இணைப்பு ஐந்து. அமைப்பின் அறிக்கை, இணைப்பு ஆறு. பக்கம் பதினான்கில் இருப்பது விண்ணப்பதாரரின் படம்.'

ஒரு இடத்தில்கூடக் கோபம் இல்லை. சிவப்புப் பேனாவுக்கு வேலையே வைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அக்கா வந்தாள். பலகையைக் கடக்க மாட்டாள் அவள். கடைத்தெருவில் தையல்காரி மெஷின் போட்டிருக்கிற இடத்துக்கே வந்துவிட்டாள். கையில் அறக்கட்டளையின் கடிதம். வெள்ளிக்கிழமை நேரில் பார்வையிட வருகிறோம், முன்பு வேலை செய்த அமைப்பும் வந்து விளக்கம் தரவேண்டும் என்று எழுதி, ஒன்பதாம் கேள்வியின் நகலையும் திட்டக்காரருக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஏண்டி, சோறு போட்ட வீட்டுக்கே உலை வைக்கிறியா? வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கக் கூடாதா?"

"அவர் வீட்டுக்குள்ளயா எழுதினார்? ஆயிரம் புக்கு போட்டு ஊர் பூரா குடுத்தாரே."

"உன் பேரைப் போடலியேடி!"

"என் மூஞ்சியைப் போட்டாரே அக்கா. உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

அக்கா கடிதத்தை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அந்த ஒரு பக்கத்தை மட்டும் வாபஸ் வாங்கிடு. உன் கால்ல விழறேன்."

"அவரை வந்து விழச் சொல்லு" என்றாள் தையல்காரி. மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி ஐம்பது வயதுப் பெண். பருத்த உடம்பு, கான்வாஸ் ஷூ, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. அநாவசியமாக ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டக்காரர் கஞ்சி போட்ட சட்டையும் பளபளக்கும் கறுப்பு ஷூவுமாக வந்து, வணக்கத்துக்கு மேல் வணக்கம் வைத்தார். அக்கரையில் நாற்பத்து மூன்று வீடும் கூடியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் தோளில் பையோடு முன்வரிசையில் நின்றாள்.

அதிகாரி பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தார். தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து அக்கரை சேர்ந்தார். சேர்ந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"நீங்களும் வாங்க சார்."

"இங்கேருந்தே விளக்கிடறேனே மேடம்!"

"நாப்பது கூட்டமும் இந்தக் கரையிலதானே நடத்துனீங்க?"

"ஆமாம் மேடம்."

"அப்ப போக வர எம்பது தடவை கடந்திருக்கீங்க. எம்பத்தொண்ணாவது தடவை வாங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திட்டக்காரர் பாவம், வேறு வழியில்லாமல் ஏறினார். பாவம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு பாவமும் இல்லை. நாலு அடி வைத்தார். ஐந்தாவது பலகை ஒரு பக்கம் ஆணி இல்லாதது. அந்தக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதில் இடது ஓரம்தான் மிதிக்க வேண்டும் என்று. எண்பது தடவை கடந்தவர் நட்டநடுவில் மிதித்தார். பலகை மேலெழுந்தது. மனிதர் தொப்பென்று குப்புற விழுந்து, மின்கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஒரு ஷூ கழன்று தண்ணீருக்குள் போனது. கீழே இடுப்பளவு கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, பிடிங்க! யாராவது பிடிங்க!"

தையல்காரி நிதானமாகப் பலகையில் நடந்து வந்து, அவர் கைக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"கையைக் குடும்மா!"

"குடுக்கறேன் அத்தான். ஒண்ணு கேக்கணும். அவர் குடிப்பாரா?"

"இப்பவா இதெல்லாம்..."

"இப்பத்தான்."

"இல்ல."

"யாருக்கும் கேக்கல."

"இல்லம்மா! அவன் குடிக்க மாட்டான்! ஒரு நாளும் குடிச்சதில்ல! நான்தான் எழுதினேன், நானாத்தான் எழுதினேன், போதுமா?"

கால்வாயின் இரண்டு கரையும் எதிரொலித்தது. கிட்டத்தட்ட ஒரு வருடமாக அவள் நெஞ்சில் கனன்ற நெருப்புக்கு ஒரு குடம் தண்ணீர் விழுந்தது. ஒரே குடம்தான். அவள் தலையை மட்டும் திருப்பினாள்.

"மேடம், எழுதிக்குங்க. இது ஒம்பதாம் கேள்விக்கு."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். தேதி போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரமும் போட்டார். "எங்க அடுத்த அறிக்கையில அச்சடிக்கிறோம்" என்றார்.

தையல்காரி குனிந்து கையை நீட்டினாள். திட்டக்காரர் கம்பத்தை விட்டு ஒரு கையை எடுத்து, அவள் விரலைத் தொட எட்டினார்.

அப்போது கரையிலிருந்து மகளின் குரல் வந்தது. மூன்றாவது வீட்டுச் செவிட்டுக் கிழவர் உட்பட அத்தனை பேருக்கும் கேட்டது அவளுக்கு மட்டும் கேட்காமல் போயிருக்க வழியில்லை. முகமெல்லாம் கண்ணீராக, முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பா, எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

தையல்காரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க அத்தான். பிள்ளை கேக்குதில்ல?"