கட்டத்துக்கு வெளியே போன வரி

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. என் புத்தகத்தை நானே வடிவமைத்துவிடலாம் என்ற அசட்டுத் துணிச்சலில், காசில்லாமல் கிடைக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்றில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: பக்கத்தில் வரைந்த கட்டத்துக்குள் அடங்காத எழுத்தை எப்படி அச்சில் கொண்டுவருவது? ஒரே ஒருவர் மட்டும் மாற்றிக் கேட்டிருந்தார். "கட்டத்துக்கு வெளிய போன வரி அச்சுல வராதுதானே? நிச்சயமா?"

அந்த 'நிச்சயமா' மனதில் தைத்துவிட்டது. கேட்டவர் யாரென்று தெரியாது. மீதியெல்லாம் என் கட்டுக்கதை.

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்தது. அவர் கணினியைத்... வேண்டாம். மழை பெய்யவில்லை.

இரண்டாம் தொடக்கம்: மரம் அறுக்கும் பட்டறை வைத்திருந்த ஒருவர், பார்வை போய்விட்ட மனைவி சொல்லச் சொல்ல அவள் வாழ்க்கையைத் தட்டச்சு செய்தார். (இது நிற்கும்.) சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் பிரதிகள், அவ்வளவுதான் திட்டம். பிறந்த வீடு, கல்யாணம், இரண்டு பிரசவம் என்று சிரிப்பும் பேச்சுமாகப் போயிற்று. மகன் பட்டறையில் இறந்த நாள் வந்தபோதும் அவள் குரல் மாறவில்லை. வேலை வேகமாக நடக்கட்டும் என்று ரம்பத்தின் காப்பு மூடியைக் கழற்றிவைத்தது இவர்தான் என்றாள். மாட்டிவிடலாம் என்று பையன் கெஞ்சியதையும் இவர் அவனைத் திட்டியதையும் சொன்னாள். பையன் கவனக்குறைவாக இருந்துவிட்டான் என்றுதான் மகள் உட்பட எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்கள்.

அவர் ஒரு பிழைகூட இல்லாமல் அடித்து முடித்தார்.

(மகளிடம் சொல்லி எழுதவைத்திருக்கலாம். ஏன் இவரிடமே சொன்னாள்? எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். விட்டுவிடுகிறேன்.)

3

மகளைக் கட்டிய மாப்பிள்ளை, சாதாரணமாகக் கடிதம் அடிக்கும் மென்பொருளே போதும் என்றார். அதுவும் இலவசம்தான், எழுத்து கூடினால் பக்கமும் தானாகக் கூடும், தலைவலி இல்லை. மாமனார் தலையாட்டிவிட்டுப் பக்க வடிவமைப்பு மென்பொருளை இறக்கிக்கொண்டார். அதில் பக்கத்துக்குப் பக்கம் நாமே கட்டம் வரைய வேண்டும். முதலில் தமிழ் எழுத்துகள் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறின. புதிய பதிப்பை இறக்கி, எழுத்துருவை மாற்றி, அதோடு மல்லுக்கட்டி வழிக்குக் கொண்டுவந்தார். இதில் படம் வைத்த இடத்தில் நிற்கும் என்று மாப்பிள்ளைக்குக் காரணம் சொன்னார். அது உண்மையும்கூட. அவருக்குப் பிடித்துப்போனது வேறு. கட்டம் நிறைந்ததும் மீதி வரிகள் கண்ணுக்குத் தெரியாது. மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் குறி மட்டும் நிற்கும்.

அவர் எதையும் அழிக்கவில்லை. பையனின் படத்தைப் பெரிதாக்கினார், அவ்வளவுதான். கட்டம் சுருங்கியது.

"நான் சொன்னதெல்லாம் இருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"எல்லாம் இருக்கு. ஒரு வரி விடல."

(இந்த ஆளை வெறுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். படத்தைப் பெரிதாக்கும்போது கை நடுங்கியதாக ஒரு வரி எழுதினேன். அது நான் காட்டும் சலுகை என்று தோன்றியதால் வெட்டிவிட்டேன். ஆனாலும் பாவமாகத்தான் இருக்கிறது.)

4

முடிவு ஒன்று: அச்சுக்கோப்பாக மாற்றும்போது, எழுத்து அடங்கவில்லை என்று மென்பொருள் எச்சரிக்கிறது. அவர் மனம் மாறி... எனக்கே நம்பிக்கையில்லை.

முடிவு இரண்டு: எச்சரிக்கையைத் தள்ளிவிடுகிறார். அவளுக்குத் தெரியவே... அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எது நடந்தது?

மூன்று: புத்தகம் வந்துவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். மனைவி புத்தகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவரிடமே நீட்டுகிறாள். பையன் போன நாளைப் படிக்கச் சொல்கிறாள். அவர் படிக்கிறார். அவன் சாப்பிடாமல் கிளம்பினான், பட்டறைக் கதவைத் திறந்தான். பக்கம் முடிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் முழுக்கப் பையனின் முகம்.

"ம். மேல படிங்க."

தாளில் மேலே ஒன்றுமில்லை. ஆனால் அடித்தவர் அவர். அத்தனை வரியும் மனப்பாடம். மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்க்கிறாள்.

இங்கிருந்து இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் சொல்லிவிட்டார், ஒன்றில் புத்தகத்தை மூடிவிட்டார். இரண்டும் என் விருப்பமாகத்தான் இருந்தன, அவருடையதாக இல்லை. அழித்துவிட்டேன். நீங்கள் அவர் நாற்காலியில் உட்காருங்கள். அவள் காத்திருக்கிறாள்.