அம்புலன்ஸ் பிரெஞ்சு

மகேந்திரராசாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் ஒரே ஒரு தொலைக்காட்சித் தொடரில் இருந்து வந்தது. தீயணைப்புக்காரரும் அம்புலன்ஸ்காரரும் ஓடி ஓடி உயிர் காக்கும் பழைய அமெரிக்கத் தொடர். பிரெஞ்சில் குரல் மாற்றிப் போட்டது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அகதியாக வந்த முதல் பனிக்காலத்தில் வேலையில்லாமல் பார்க்கத் தொடங்கியவர், ஓய்வு பெற்ற பிறகும் பகல் இரண்டு மணியானால் அதன் முன்னால்தான் இருப்பார். ஜான்-டலோன் சந்தையில் தக்காளிக்கு விலை கேட்க இன்னும் வராது. எங்கே வலிக்கிறது, அசையாமல் படுங்கள் என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அம்புலன்ஸ் பிரெஞ்சு என்று மனைவி ஜெகதீஸ்வரி சிரிப்பாள்.

மற்றபடி அவர் வாய் திறப்பது அரிது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒன்றரை வருடமான மருமகள் வினோஜாவிடம் சாப்பிட்டாச்சோ என்பதற்கு மேல் கேட்டதில்லை.

பிள்ளை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால் அன்று தொடர் தொடங்கவும் அவளுக்கு வலி கண்டுவிட்டது. மகன் விதுர்சன் நகரின் மறுகோடியில், புவாண்ட்-கிளேரில், வேலையில். வெளியே பனி கொட்டியது. மகேந்திரராசாதான் அவசர உதவிக்கு 911 அடித்தார். முதலில் வந்து நின்றது தீயணைப்பு வண்டி. வாசலில் தலைக்கவசங்களைக் கண்ட ஜெகதீஸ்வரி, இங்கே நெருப்பில்லை, வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று கையைக் காட்டித் திருப்பி அனுப்பப் பார்த்தாள்.

"பேசாமல் உள்ளை விடுமப்பா. இவையள்தான் முதல் வாறவை," என்றார் மகேந்திரராசா மனைவியிடம்.

தலை தெரிகிறது, அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாது என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. வினோஜாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மாமியாருக்கும் அதே கதி. மாமனார் அந்த அறைக்குள் போவதெப்படி? கதவுக்கு வெளியே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். உள்ளிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் அவர் நூறு தரம் கேட்ட சொல். அதை அங்கிருந்தே தமிழில் திருப்பிச் சொன்னார்.

"இப்ப முக்காதை, பிள்ளை. மூச்சை மெல்ல விடு."

பிறகு, அந்த வீட்டில் யாரும் கேட்டிராத உரத்த குரலில்:

"இப்ப முக்கு. இன்னும். மாமா இஞ்சைதான் நிக்கிறன்."

அதன்பின் எல்லாம் அடங்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் மௌனத்தை விரும்பியவருக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டார்.

குழந்தை வீறிட்டது.

பெண் பிள்ளை, இரண்டு ஐம்பத்தொன்று என்று உள்ளே அறிவித்தார்கள். தொடரிலும் அப்படித்தான் நேரம் சொல்வார்கள். அவர் தமிழில் சொல்ல, ஜெகதீஸ்வரி சாதகத்துக்காக நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள்.

கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்த தீயணைப்புக்காரி, ஐயா அம்புலன்ஸில் வேலை செய்தவரா என்று கேட்டாள். உணவகத்தில் கோப்பை கழுவியே ஓய்வு பெற்றவர் சற்று யோசித்துவிட்டு, முப்பத்தைந்து வருடம் என்றார்.

மூன்றாம் நாள் தாயும் மகளும் வீடு வந்தார்கள். இரண்டு மணியானது. குழந்தை விழித்துவிடும் என்று அவர் தொலைக்காட்சியைப் போடாமல் இருந்தார்.

அறைக்குள் இருந்து வினோஜா கூப்பிட்டாள்.

"மாமா, ரீவியைப் போடுங்கோ. இவளும் கேக்கட்டும்."