லேத் பட்டறைக்காரரின் உயில் வழக்கு

லேத் பட்டறைக்காரர் இறந்த எட்டாம் மாதம், நீதிமன்றத்தில் அவருடைய உயிலை வாசிக்க எழுந்த பெண் குமாஸ்தாவின் வாயிலிருந்து அவருடைய குரலே வந்தது. நாற்பது வருடம் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் என்பதால் பக்கத்து அறை விசாரணையும் நின்றுபோனது. நீதிபதி மின்விசிறியை நிறுத்தச் சொல்லி முழுவதையும் கேட்டார். உயில் இறந்தவரின் குரலில் வாசிக்கப்பட்டது, இரு தரப்புக்கும் ஆட்சேபணை இல்லை என்று பதிவு செய்தார். குமாஸ்தா தண்ணீர் குடித்துவிட்டு, தன் கீச்சுக் குரலில் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

உயில் செல்லாது என்று வழக்குப் போட்டவள் அவருடைய மூத்த மகள். கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தானே பார்த்து ஒருவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, சாகும்வரை பதினாலு வருடம், அப்பா அவளிடம் பேசவில்லை. போனில் அவள் குரல் கேட்டால் ரிசீவரைத் தம்பியிடம் நீட்டிவிடுவார். வீடும் பட்டறையும் தம்பிக்கு என்றது உயில். நான்காம் பத்தி அவளைப் பற்றியது: ‘என் பெரிய மகள் என் பேச்சை மீறிப் போனவள். அவளுக்கு என் சொத்தில் ஒன்றும் இல்லை.’ கோபத்தில்தான் வழக்குப் போட்டிருந்தாள். அதைக் காதால் கேட்ட அன்று கோபம் போன இடம் தெரியவில்லை. ‘என் பெரிய மகள்’ என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டுதான் அவர் மேலே பேசினார்.

அதன்பிறகு ஒவ்வொரு வாய்தாவிலும் உயிலை மறுபடி வாசிக்கக் கேட்டு மனுப் போட்டாள். ஆறு வருடத்தில் மூன்று நீதிபதிகள் மாறினார்கள். புதிதாக வந்தவர் முதல் தடவை நிமிர்ந்து உட்காருவார். அடுத்த தடவை வேறு கோப்பைப் புரட்டுவார். தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. வராந்தாவில் அவளை மறித்தான்.

“பாதி வீட்ட எழுதித் தரேன்க்கா. ஏன் இப்படி இழுத்தடிக்கற?”

“வீடு வேண்டாம்டா. உன்கிட்ட தினமும் பேசினாரு. என்கிட்ட இப்பதான் பேசறாரு.”

“அதுல உன்னைத் திட்டித்தானேக்கா இருக்கு?”

“திட்டட்டும்.”

தம்பி வராந்தாப் படியிறங்கிப் போனான்.

ஏழாம் வருடம் வக்கீலம்மா ஒரு வருகைப் பதிவேட்டின் நகலோடு வந்தார். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர், உயில் எழுதிய அன்று வெளியூரில் வேலையில் இருந்திருக்கிறார்.

“இதைக் காட்டினா உயில் நிக்காது. கேஸ் நம்ம பக்கம்தான்.”

“செல்லாதுன்னு ஆயிட்டா அது வெறும் காகிதம்தானே மேடம். அப்புறமும் அவர் பேசுவாரா?”

வக்கீலம்மா தன் இருபது வருட அனுபவத்தைத் துழாவிப் பார்த்துவிட்டு, சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை என்றார். மகள் நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வார்டுக்குப் போய்வந்தாள். வாடகை வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஈரம் இடுப்புயரம் ஏறியிருந்தது. அதையும் பார்த்தாள். மூன்றாம் நாள் நகலைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது நமக்குக் கிடைக்கவே இல்லன்னு வெச்சுக்குங்க.”

உயில் செல்லும் என்று தீர்ப்பானது. ஜெயித்த தம்பிதான் அழுதான்.

இப்போது அவள் மாதம் ஒருமுறை, டியூட்டி முடிந்து, ஆவணம் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவறை பெஞ்சில் உட்காருகிறாள். பதிவறைக்காரர் வழக்குக் கட்டைப் பிரித்து, கேட்காமலே நான்காம் பத்திக்குப் போய்விடுகிறார். சுற்றிலும் முத்திரை குத்துகிறவர்கள் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். போன மாதம் வாசித்து முடித்ததும் அவர் சொன்னார்:

“இன்னிக்கு அப்பாவுக்குத் தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கும்மா.”

“மழைக்காலத்துல அவருக்கு எப்பவும் அப்படித்தான்,” என்றாள் அவள்.