இருதயநாதனின் பெருவிரல்

மீனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க முப்பது நாள் ஆகும் என்று எங்கள் டிரைவிங் ஸ்கூலில் ஒரு போர்டு தொங்குகிறது. எழுதியிருப்பது என்னவோ ‘கனரக வாகனப் பயிற்சி முப்பது நாள் கட்டாயம்’ என்றுதான். இருதயநாதன் அண்ணன் வந்து நின்ற அன்றைக்கு எனக்கு அப்படித்தான் வாசிக்கத் தோன்றியது.

திண்டிவனம் மயிலம் ரோட்டில் இருக்கிறது எங்கள் ஸ்கூல். நான் பிரின்சி, கம்ப்யூட்டரில் பதிகிறவள். அண்ணன் ஒலக்கூர் பக்கம். பத்தொன்பது வருஷம் லாரி ஓட்டியவர். லோடு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து தொடை எலும்பு உடைந்து, இரண்டு வருஷம் வீட்டில் கிடந்தார். அந்த நேரத்தில் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. ஒரு வருஷம் தாண்டினால் புதுசாய்ப் பயிற்சி, புதுசாய் டெஸ்ட். மயிலம் பக்கத்தில் ஒரு ஸ்கூலில் பஸ் ஓட்டக் கூப்பிட்டிருந்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும். இனி லோடு ஏற முடியாத காலுக்கு அந்த பஸ்ஸை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

“முப்பது நாள் தானம்மா, வந்துட்டுப் போறேன்” என்றார். கோபமே இல்லை. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

எங்கள் முதலாளி கோகுலகிருஷ்ணன் ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிறார், பயிற்றுநர் சான்றிதழும் வைத்திருக்கிறார். இரண்டும் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகின்றன. லாரி ஸ்டீயரிங்கை மட்டும் அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை. சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ராயப்பன் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். எங்கள் வருகைப்பதிவு மெஷினில் பயிற்றுநர் முதலில் பெருவிரல் வைத்தால்தான் பயிலுநர்கள் வைப்பதற்குத் திறக்கும். காலை ஆறு மணிக்கு அந்த விரலை வைக்க முதலாளி எழுந்திருக்க வேண்டும். அது ஆகிற காரியமா?

“இருதயம், நீ பழைய கை. பசங்களுக்குக் கொஞ்சம் காட்டிக்கினு இரு. பிரின்சி, இவர் விரலையே மேல, பயிற்றுநர் கட்டத்துல வச்சுடு. கடைசில மாத்திக்கலாம்” என்றார் முதலாளி.

மெஷின் லைசென்ஸ் நம்பர் கேட்டது. பழைய நம்பரைப் போட்டேன். அந்த நம்பர் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று கேட்க அதற்குத் தோன்றவில்லை. ‘கடைசியில் மாற்ற முடியுமா சார்’ என்று கேட்க எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பில் இருந்த பதினோரு பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு தினமும் கிளம்பினார். கூட்டேரிப்பட்டு வரை போய்த் திரும்புவார்கள். கண்ணாடி பார்க்காமல் திரும்பினால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஆளை இறக்கி, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடக்கவைப்பார். ஆண்டோ என்று ஒரு பையன். முதல் நாள் கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்து, பின்னால் உட்கார்ந்திருந்த பத்துப் பேரையும் முன்னால் கொண்டுவந்தவன். முப்பதாம் நாள் அவனே மார்க்கெட் சந்துக்குள் லாரியை ரிவர்ஸில் விட்டு எடுத்தான்.

டெஸ்டுக்குப் போகத் தேவையான பயிற்சிச் சான்றிதழ் பதினோரு பேருக்கும் கடகடவென்று வந்தது. பன்னிரண்டாவதுக்கு அண்ணன் பெயரை அடித்தேன். ‘இவர் இந்த வகுப்பின் பயிற்றுநர்’ என்று வந்தது. பயிலுநர் பக்கம் மாற்றிப் பார்த்தேன், ஏற்கவில்லை. ஒரே வகுப்பில் ஒருவர் ஒரு பக்கம்தான் இருக்கலாமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எங்கள் பூசாரிக்கு பிளக் இருக்கிறது, காது இல்லை.

“அப்போ நான் முப்பது நாளும் வரலையா?” என்று கேட்டார் அண்ணன்.

“வந்தீங்கண்ணா. கத்துக்கத்தான் வரலை” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது.

ஜூனில் ஸ்கூல் திறந்தது. மயிலம் பஸ்ஸை ஆண்டோ ஓட்டினான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, நன்றாகத்தான் ஓட்டினான். அண்ணன்தானே கற்றுக்கொடுத்தார். ஸ்கூல்காரர்கள் பெரிய மனசு பண்ணி, ஆடி போனதும் இரண்டாவது பஸ் விடுகிறோம், அதற்குள் லைசென்ஸோடு வந்தால் பார்க்கலாம் என்று அண்ணனிடம் சொன்னார்கள்.

அடுத்த வகுப்புக்கு முதல் ஆளாக வந்து நின்றார். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “வா இருதயம், நீ இங்கயே இருந்துடேன். லைசென்ஸ் இல்லாட்டி இன்னா? உனக்கு சொல்லிக்குடுக்க வருது இல்ல” என்றார். “பிரின்சி, ஜல்தியா விரலை வை.”

நான் அண்ணன் விரலைப் பிடித்துக் கீழே, பயிலுநர் கட்டத்தில் பதியப் போனேன். மெஷின் திறக்கவில்லை. மேல் கட்டம் காலியாக இருந்தது.

“சார், உங்க விரல்” என்றேன்.

வெளியே புது வகுப்புக்குப் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். எல்லாருடைய பெயரும் ஏற்கெனவே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயிருந்தது. அன்றைக்கு ஆரம்பிக்காவிட்டால் வகுப்பே ரத்து. முதலாளி என்னை முறைத்துக்கொண்டே விரலை வைத்தார். “பேஜாரா பூடுச்சே” என்று முணுமுணுத்தார். வைத்த விரல் லாரியில் ஏறித்தான் ஆக வேண்டும், வண்டிக்குள்ளும் ஒரு மெஷின் இருக்கிறது. மயிலம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினார். என் வாழ்க்கையில் முதல்முறையாக நானும் வகுப்பு பார்க்கப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் ஸ்டீயரிங் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எடுப்பா வண்டியை” என்றார் முதலாளி.

“எப்படி எடுக்கணும் சார்?”

“இன்னாப்பா விளையாடறியா? உனக்குத் தெரியாததா?”

“நான் கத்துக்க வந்தவன் சார்” என்றார் அண்ணன். “நீங்க சொல்லுங்க.”

முதலாளி கியர் கம்பியைப் பார்த்தார். குனிந்து கால் பக்கம் பார்த்தார். பதினோரு பேரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.