ஐந்தாவது சான்றிதழ்

சிதம்பரம் கீழவீதியில் காலை ஆறரை மணிக்குக் கடையைத் திறந்ததும், டிராக் பேண்ட் போட்ட ஒரு பெண் விறுவிறுவென்று உள்ளே வந்து மூட்டை நிறுக்கும் மிஷின் மேல் ஏறி நின்றால், மளிகைக் கடைக்காரர் என்னதான் நினைப்பார்?

"என்னாம்மா, உன்னக் கிலோ என்னா வெலைக்குப் போடுறது?" என்றார்.

பிரிசில்லா சிரிக்கவில்லை. ஐம்பத்தாறு எழுநூறு காட்டியது. இறங்கி மறுபடி ஏறினாள். அதே எழுநூறு. குத்துச்சண்டையில் அவள் ஆடுவது ஐம்பத்தேழு கிலோ பிரிவு. இன்னும் ஒரு மணி நேரத்தில் போட்டி மண்டபத்தில் எடை பார்ப்பார்கள். அங்கே இருக்கும் மிஷின் ஐம்பத்தேழு இருநூறு என்று காட்டிவிட்டால் போதும், "எடை ஜாஸ்திம்மா, கெளம்பு" என்று வாசலிலேயே அனுப்பிவிடலாம். அப்படித்தான் செய்யப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

தோன்றியதில் தப்பு இல்லை. போட்டியை நடத்துவது கெடிலக்கரை குத்துச்சண்டைக் கழகம். அதன் செயலாளர் ஞானசேகரன் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காருமாகத் திரிகிற மனுஷர். குத்துச்சண்டை மேடைக்கு எத்தனை மூலை என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லக்கூடிய நாலு பிள்ளைகளுக்கு, தங்கம் ஜெயித்ததாக அவர் சான்றிதழ் போட்டுக் கொடுத்திருந்தார். அதை வைத்து நாலு பேரும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேர்ந்துவிட்டார்கள். நாலு சான்றிதழ்களின் நகலையும் இணைத்துப் புகார் எழுதிப் போட்டவள் பிரிசில்லா. திங்கட்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம் விளையாட்டு அலுவலகத்தில் விசாரணை. இன்றைக்குச் சனிக்கிழமை. யார் மேல் புகார் கொடுத்தாளோ அவர் நடத்தும் போட்டியில் இன்று இறங்குகிறாள். அவளைச் சும்மா விட ஞானசேகரன் என்ன சாமியாரா?

வேண்டாம் என்று ஒதுங்கவும் முடியாது. பண்ருட்டியில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக பி.டி. டீச்சராக இருக்கிறாள்; அவர்கள் நினைத்தால் நாளைக்கே வர வேண்டாம் என்று சொல்லலாம். இந்தப் போட்டியில் தங்கம் வாங்கினால் மாநில அணியில் இடம். மாநில அணியில் பெயர் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, இந்த ஒரு தங்கம்தான். இது போனால் வேலையும் போயிற்று.

மண்டபத்து மிஷினும் ஐம்பத்தாறு எழுநூறுதான் காட்டியது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எடையில் இல்லையென்றால் வேறு எதில்?

கண்கொத்திப் பாம்பாக இருந்தாள். வீட்டிலிருந்து அம்மா ஜான்சி கொடுத்தனுப்பிய தண்ணீரைத் தவிர வேறு சொட்டு குடிக்கவில்லை. அங்கே கொடுத்த பொங்கலைத் தொடவில்லை. கைக்குத் துணிப்பட்டையைத் தானே சுற்றிக்கொண்டாள். கையுறையை அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்த்தாள், உள்ளே பஞ்சு குறைந்திருக்கிறதா என்று. நடுவர் யார், எந்த ஊர் என்று விசாரித்தாள். பாத்ரூமுக்குப் போனபோதுகூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போனாள்.

இதையெல்லாம் மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் என்பது கலியமூர்த்தி. மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒன்பது வருடமாக அவளுக்குக் குத்தச் சொல்லிக் கொடுத்தவர். உள்ளதைச் சொன்னால், அவள் அதிகம் சந்தேகப்பட்டது அவரைத்தான்.

காரணம் புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்டுப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தவள், பலாப்பழ லாரிகளுக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கார் நிற்பதைப் பார்த்தாள். அதிலிருந்து மாஸ்டர் இறங்கினார். உள்ளே பார்த்துக் கும்பிடு வேறு போட்டார். உடனே போன் அடித்து, "எங்க இருக்கீங்க மாஸ்டர்?" என்று கேட்டாள். "வூட்லதாம்மா, தல வலிக்குது," என்றார். முப்பது அடி தூரத்தில் நின்றுகொண்டு சொன்னார். அன்றிலிருந்து அவர் கொடுத்த எதையும் அவள் வாயில் வைக்கவில்லை.

இறுதிப் போட்டியில் எதிரி திட்டக்குடி சுவேதா. இருபது வயது. ஆள் ஒல்லி, ஆனால் இடது கையால் விலாவில் ஒரு வளைகுத்து வைப்பாள், அப்பா! டிசம்பர் பயிற்சி முகாமில் அதை ஒரு தரம் வாங்கிவிட்டு பிரிசில்லா இரண்டு நாள் குனிந்து செருப்புப் போட முடியாமல் கிடந்தாள். நேர்மையாக ஆடினால் யார் ஜெயிப்பார்கள் என்று அவளாலேயே சொல்ல முடியாது. அந்த ஆட்டத்துக்காக ஆறு மாதமாக விலாவை மூடி ஆடப் பழகியிருந்தாள்.

மணி அடித்தது. முதல் சுற்றில் அவள் ஆடியதைவிடக் காத்திருந்ததே அதிகம். தில்லுமுல்லு வரும், நடுவர் காரணமில்லாமல் எச்சரிப்பார், எங்கிருந்தாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. நடுவர் ஒழுங்காக இருந்தார். சுவேதா முகத்துக்கு நேரே படபடவென்று குத்தினாள். சத்தம்தான் பெரிது, வலி இல்லை.

இரண்டாம் சுற்றில் அந்த வளைகுத்து வந்தது. தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, பிரிசில்லா பல்லைக் கடித்தாள். கையுறை விலாவில் வந்து தொட்டது. தொட்டது, அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்து ஆள் இடிப்பது இதைவிட வலிக்கும். ஏமாற்று வேலை என்று நினைத்தாள். அடுத்தது நிஜமாக வரும். அடுத்ததும் தொட்டது. மூன்றாவதும். இவள் குத்தியதெல்லாம் விழுந்தது. சுவேதாவின் கை ஒவ்வொரு தடவையும் அரை விநாடி தாமதமாக மேலே வந்தது.

நீல மூலைக்கு வந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நல்லாப் போவுதும்மா. இப்டியே ஆடு," என்றார் சாந்தமாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது வருடத்தில் மூலையில் வைத்து மாஸ்டர் திட்டாமல் இருந்ததே கிடையாது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதுகூட, "எருமமாடு, காலு எங்க போவுது, கைய மேல தூக்கு," என்றுதான் கத்துவார். முடிவு தெரிந்த ஆட்டத்தில் எதற்குத் திட்டவேண்டும்?

காலையிலிருந்து அவள் காவல் காத்ததெல்லாம் தோற்கடித்துவிடுவார்களோ என்றுதான். ஜெயிக்கவைத்துவிடுவார்கள் என்று ஒரு கோணத்திலும் அவள் யோசிக்கவில்லை.

மூன்றாம் சுற்றில் கிட்டே போய்க் கட்டிப்பிடித்தாள். காதுக்குப் பக்கத்தில், "அடிடி," என்றாள்.

"மாட்டேங்க்கா. எங்கண்ணன் ஞானசேகரன் சாருகிட்டதான் கார் ஓட்டுது. அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க," என்றாள் சுவேதா. குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"பேசக் கூடாது!" என்று நடுவர் பிரித்துவிட்டார்.

சுவரில் கடிகாரம் நாற்பது விநாடி பாக்கி என்றது. கையைக் கீழே போட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. வேலைதான் கண்ணில் நின்றது. பிளாஸ்டிக் வாளியோடு ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் அம்மா நின்றாள். நாற்பது விநாடியும் குத்தினாள். ஒவ்வொரு குத்தும் சரியான குத்து. சுவேதாவின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. புள்ளி போடும் ஐந்து ஜட்ஜுகளும் பிரிசில்லா பக்கம்.

ஞானசேகரனே பதக்கத்தைக் கழுத்தில் போட்டு, சான்றிதழைக் கையில் கொடுத்தார். போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், "திங்கக்கெழம வெயில்ல மஞ்சக்குப்பத்துக்கெல்லாம் அலைய வேணாம்மா. அதெல்லாம் முடிச்சாச்சு," என்றார்.

சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. பிறகு கேட்டாள்.

"என்னா முடிச்சாச்சு மாஸ்டர்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மழுப்புவார் என்று எதிர்பார்த்தாள். மழுப்பவில்லை.

"புகார வாபஸ் வாங்கியாச்சு. நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்த வெள்ளத்தாள் எங்கிட்ட இருந்துச்சில்ல, அதுல எழுதிக் குடுத்துட்டேன்."

வருடா வருடம் ஜூன் மாதம் மைதானத்தில் நடக்கிற காரியம் அது. எல்லாப் பிள்ளைகளும் நாலைந்து வெள்ளைத் தாளில் கீழே கையெழுத்துப் போட்டு மாஸ்டரிடம் கொடுத்துவிடுவார்கள். நுழைவு விண்ணப்பம், விடுப்புக் கடிதம், ரயில் சலுகை எது வந்தாலும் ஒவ்வொருத்தரையும் தேடி ஓட வேண்டாமே என்று. ஒன்பது வருடமாக அவளும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தண்ணீர் பாட்டிலைச் சந்தேகப்பட்டவள், கையுறையைச் சந்தேகப்பட்டவள், அந்தத் தாள்களை ஒரு தரம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆளைச் சரியாகத்தான் சந்தேகப்பட்டாள். அவர் விற்ற சரக்குதான் வேறு.

"என்னக் கேக்காம எப்டி மாஸ்டர்?"

"கேட்டா ஒத்துப்பியா? அஞ்சு ஜட்ஜுல மூணு பேரு அவுரு கூட்டியாந்த ஆளுங்க. நீ என்னா குத்து குத்துனாலும் தோத்துருப்ப. நான் திருடல புள்ள. உன் பொருள திருடங்கிட்டேர்ந்து திருப்பி வாங்குனேன். நாளைக்கு வேலையில சேந்தப்பறம் எவன் மேல வேணா புகார் குடு."

அதிலும் ஒரு நியாயம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"நேர்மையா நடந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பனா?"

"ஜெயிச்சிருப்ப."

"உங்களுக்கு எப்டித் தெரியும்? எனக்கே தெரியலயே. இனிமே தெரியவும் தெரியாது." பஸ் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். ஆறு மாத உழைப்புக்கு விடை என்னவென்று தெரியாமலே போய்விட்டது. மாஸ்டர் துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில், மின்விசிறி சத்தம் போடும் ஓர் அறையில், வித்யா என்ற விசாரணை அதிகாரி கோப்பைத் திறந்தார். எதிரே ஞானசேகரன், அவர் பக்கத்தில் கலியமூர்த்தி. பிரிசில்லா வந்து நின்றதும் ஞானசேகரன் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"வாபஸ் கடுதாசி வந்திருக்கே. அப்பறம் எதுக்கு வந்தீங்க? இது உங்க கையெழுத்துதானே?"

ஆமாம் என்ற ஒரு சொல்லோடு திரும்பிப் போய்விடலாம். தங்கம் அவளுடையது, மாநில அணி அவளுடையது.

"கையெழுத்து என்னுதுதான் மேடம். மேல இருக்குற எழுத்து எங்க மாஸ்டரோடது. எனக்குத் தெரியாம எழுதுனாரு."

அதிகாரி கலியமூர்த்தியைப் பார்த்தார். அவர் பிரிசில்லா பக்கம் திரும்பவில்லை.

"அவ சொல்லித்தான் மேடம் எழுதுனேன்," என்றார்.

பிரிசில்லாவுக்கு விலாவில் விழுந்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை விழாத குத்து. ஞானசேகரன் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றீங்க. நீங்க சொல்றதுக்கு என்னா ஆதாரம்?" என்றார் அதிகாரி.

பிரிசில்லா பையைத் திறந்து சனிக்கிழமை வாங்கிய சான்றிதழை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இதான் மேடம். அந்தக் கடுதாசிக்குக் கூலி. நான் நாலு போலிச் சான்றிதழ்னு எழுதியிருந்தேன். அஞ்சுன்னு மாத்திக்குங்க. எதுத்து ஆடுன பொண்ண மெரட்டி வெச்சிருந்தாங்க, அவளக் கூப்ட்டு வெளியாளுங்க இல்லாம கேளுங்க, சொல்லுவா."

"மேடம், அப்ப இந்தப் பொண்ணும் கூட்டுதானே!" ஞானசேகரன் எழுந்தே விட்டார். "எல்லாம் தெரிஞ்சே ஜெயிச்சிட்டு வந்து நல்லவ வேஷம் போடுது!"

அதிகாரி பேனாவை மூடினார். "இங்க பாருங்கம்மா. உங்களுக்குத் தெரியாம நடந்துச்சுன்னா நான் அப்டியே எழுதிக்கிறேன். உங்களுக்கு ஒண்ணும் வராது. தெரிஞ்சு ஆடுனீங்களா?"

அறையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மாஸ்டர்கூட இப்போது தலையைத் தூக்கியிருந்தார். தெரியாது என்று சொல்லு என்று அவர் கண் கெஞ்சியது.

"ரெண்டு சுத்து தெரியாது மேடம்," என்றாள் பிரிசில்லா. "கடைசி நாப்பது செகண்டு தெரிஞ்சேதான் அடிச்சேன்."

அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, நடவடிக்கைக்கு உரியவர்கள் என்று மேலே எழுதி, முதல் பெயராக அவளுடையதை எழுதினார்.